கடைசி வண்டி

ஆஸ்காம் பெட்ரோல் பங்கில்
ஐந்து வண்டிகளுக்கும் காற்றை இறக்கினோம்.
"களைத்துப் படுத்த மாட்டின் வயிறுபோல
டயர் தளரணும்" என்றார் டாவிட்,
கையுறைக்குள் ஊதிக்கொண்டே.
இரண்டு புள்ளி இரண்டிலிருந்து
ஒன்று புள்ளி இரண்டுக்கு.
டர்பனில் அடைத்த கடலோரக் காற்று
ஸ்ஸ்ஸென்று
கலஹாரியில் இறங்கிப் போயிற்று.

ஜூலை. வீட்டில் ஆடிக் கூழ் காய்ச்சும் மாதம்.
இங்கே கேன் தண்ணீர் விடிவதற்குள் கல்.
வங்கி அட்டையால் சுரண்டினேன்
கண்ணாடியில் படிந்த உறைபனியை.
அந்த அட்டைக்கு வேறு உபயோகம்
இப்போதைக்கு இல்லை.

பக்கி என்றால் உங்கள் ஊரில் சண்டை வரும்.
எங்களுக்கு அது
பின்னால் தொட்டி வைத்த வண்டி.
என் பக்கிக்குப் பதினெட்டு வயது.
வரிசையில் கடைசி.
கடைசி வண்டியின் வேலை
புதைந்தவரை இழுப்பது.
மற்ற நேரத்தில்
நால்வர் புழுதியையும் தின்பது.

இரண்டாவது வண்டியில் சரோஷினி.
ஒன்பது வருடம் என் இடப்பக்கம் உட்கார்ந்தவள்.
இப்போது அவளே ஓட்டுகிறாள்,
இடப்பக்கத்தில் ஓர் ஐஸ் பெட்டி.
"ரெண்டு பேரும் வர்றது சரிப்படுமா?"
பிரகாசன் தனித்தனியே கேட்டிருக்கிறான்.
கயிறு என்னிடம்தானே இருக்கிறது என்றேன்.
கம்ப்ரசர் என்னிடம்தானே என்றாளாம்.
அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.
வீட்டை விற்றோம்.
நாய் அவள் அண்ணனோடு போயிற்று.

ரேடியோவில் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை.
"வலப்பக்கம் முள்மரம். கிளை தாழ்வு."
"சரி."
"மேட்டுக்கு அப்புறம் சரிவு. பிரேக்கைத் தொடாதீங்க."
"சரி."
கோர்ட்டுக்குப் பிறகு
எங்களுக்குள் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை.
அவள் சொன்ன முள்மரம்
சற்று நேரம் கழித்து
சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது.

சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு.
பாலைக்குப் பிரிவு என்று எழுதிப்போட்டார் ஆசிரியர்.
பொழுது நண்பகல். பருவம் வேனில்.
பிறகு கொஞ்சம் தயங்கி,
பின்பனியும் உண்டு என்றார்.
பாலையில் பனியா?
பின் வரிசையில் சிரித்தவன் நான்.

பதினோரு மணிக்கு மணல் இளகியது.
சிவப்பு மேடு ஒன்றின் உச்சிக்கு
ஒரு வண்டி நீளம் இருக்கையில்
"நின்னுட்டேன்" என்றது ரேடியோ.
மூன்றாவதும் நான்காவதும் ஒதுங்க,
நான் மேலே போனபோது
மண்டியிட்டு, வெறுங்கையால்
சக்கரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.
அடி மணல் இன்னும் சில்லென்றிருந்தது.
கொக்கியை அவள் மாட்டினாள்,
முழுக்க முறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி.
நான் அதைக் கற்றதே அவளிடம்.

இது சங்கிலி இல்லை, நீளும் கயிறு.
தரையில் தொய்வாகக் கிடக்கவிட்டு
ஓடி விலக வேண்டும்.
நீண்டது சுருங்கும்போதுதான் வண்டி அசையும்.
அவ்வளவு தொய்வு
எங்கள் வீட்டில் எப்போதும் இருந்ததில்லை.
ரிவர்ஸில் இழுத்தேன்.
மூன்றாவது இழுப்பில் மணல் அவளை விட்டது.
வந்த தடத்திலேயே கீழே போனாள்,
திரும்பவும் வேகமெடுத்து
என்னைத் தாண்டி
உச்சியில் ஒரு கணம் வானமாகி
மறைந்தாள்.
"கடைசி வண்டிக்கு நன்றி."
எல்லோருக்கும் கேட்டது.

இரவு டின் மீன் குழம்பு, ரொட்டி.
மைனஸ் ஆறு.
நெருப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் நாங்கள்.
தலைக்கு நேர்மேலே விருச்சிகம்,
நடுவில் சிவந்த கேட்டை.
அவள் நட்சத்திரம்.
பத்தில் எட்டுப் பொருத்தம் என்றார்
ஜோசியம் பார்த்த ஐயர்.
மிச்சம் இரண்டு எது என்று
அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.
தூரத்தில் ஒரு நரி, அப்புறம் ஒன்றுமில்லை.

தார்ச் சாலை வந்தது.
கம்ப்ரசரோடு ஒவ்வொரு வண்டியாக வந்தாள்.
கடைசியில் என்னுடையது.
நான் வால்வு மூடிகளை
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
"ரெண்டு புள்ளி ரெண்டா?"
"ஆமா."
நான்கு சக்கரமும் மெல்ல எழுந்து நின்றன.
"பின் டயர் தேஞ்சு போச்சு. மாத்திடு."

செப்டம்பர் வந்துவிட்டது.
இன்னும் மாற்றவில்லை.